ஈரம் காட்டும் 'கிட்'டை நம்பி மோட்டார் போடலாமா?

விருத்தாசலம் என்றால் பீங்கான். பொம்மை, அகல் விளக்கு முதல் மோட்டார் கொட்டகையில் இருக்கும் பியூஸ் கேரியர் வரை இங்குள்ள சூளைகளில் வெந்து வந்தவை பல. சுட்ட களிமண்ணுக்கு வயலிலும் ஒரு வேலை உண்டு. மண் ஈரத்தை அளக்கும் டென்சியோமீட்டரின் அடியில் இருப்பது நுண்துளை கொண்ட பீங்கான் குப்பிதான். குழாயில் நீர் நிரப்பி வேர் மட்டத்தில் புதைத்தால், மண் காயக் காய அந்தத் துளைகள் வழியே நீரை இழுக்கும். மேலே உள்ள முள் ஏறும். சுமார் 80 சென்டிபாரைத் தாண்டினால் குழாயில் காற்று புகுந்துவிடும் என்பதால், அடிக்கடி பாசனம் செய்யும் மணற்பாங்கான நிலத்துக்கே இது பொருத்தம்.

இப்போது இதே வேலைக்கு மலிவான மின்னணு 'கிட்'கள் வந்துவிட்டன. ஆர்டுயினோ போர்டு, ஈர உணரி, ரிலே, கொஞ்சம் ஒயர், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மாலையில் இணைத்து விடுகிறார்கள். (அதில் இருக்கும் மிளகு அளவு கெப்பாசிட்டர் சிலவும் பீங்கான் வகைதான்!)

நானும் ஒன்று வாங்கி, நிலக்கடலைப் பாத்தியில் ஊன்றினேன். இரண்டு முனை கொண்ட, விலை குறைந்த உணரி. மூன்றாவது வாரம் மண்ணில் ஈரம் இருக்கும்போதே 'காய்ந்துவிட்டது' என்றது. நம்பி இரண்டு முறை தண்ணீர் விட்டோம். இளம் இலைகள் மஞ்சளித்த பிறகுதான் உணரியைப் பிடுங்கிப் பார்த்தேன். ஒரு முனையில் பூச்சே இல்லை. ஈர மண்ணில் ஓயாமல் நேர்மின்சாரம் ஓடினால் உலோகம் கரையும். கரைந்த முனை வழியே மின்சாரம் குறைவாகப் போகும். கருவி அதை வறட்சி என்று படித்துவிடும். பூக்கும் பருவத்திலும் விழுது இறங்கும் பருவத்திலும் இப்படி ஏமாந்தால், மகசூல்தான் அடிபடும்.

எனவே வாங்குவதாக இருந்தால் 'கெப்பாசிட்டிவ்' வகை உணரியை வாங்குங்கள். இதில் உலோகம் மண்ணில் நேரடியாகப் படாது. ஆனால் மேல் பகுதியில் இருக்கும் சிறு பாகங்களும் பலகையின் ஓரங்களும் நீர் புகாதவை அல்ல. எபாக்சி பூசி, குறியிட்ட கோடு வரை மட்டும் ஊன்ற வேண்டும். ஓயாமல் மின்சாரம் கொடுக்காமல், நாளுக்கு இரண்டு முறை சில நொடி மட்டும் அளக்கும்படி புரோகிராம் எழுதினால் பேட்டரியும் நீடிக்கும்.

அடுத்தது, பலரும் விட்டுவிடும் வேலை. உங்கள் வயல் மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒரு வாளியில் இறுக்கி, உணரி காட்டும் எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள். ஆர்டுயினோ ஊனோவில் அந்த எண் 0 முதல் 1023க்குள் வரும். அடியில் துளையிட்ட வேறொரு வாளியில் அதே மண்ணை நனைத்து, நீர் வடிய ஒரு நாள் விட்டு (களிமண்ணுக்கு இரண்டு நாள்) மறுபடி குறியுங்கள். இந்த வகையில் காய்ந்த மண்ணுக்குப் பெரிய எண், ஈர மண்ணுக்குச் சிறிய எண். இரண்டுக்கும் நடுவே எந்த எண்ணில் தண்ணீர் விடுவது என்பதை, மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். செம்மண்ணுக்குக் குறித்த எண் கரிசலுக்கு உதவாது. உப்புத் தண்ணீர் பாயும் நிலத்திலும் எண் மாறும்.

ரிலே விஷயத்தில் விளையாட வேண்டாம். கிட்டில் வரும் சிறிய ரிலே மும்முனை மோட்டாரின் மின்சாரத்தைத் தாங்காது. ஸ்டார்ட்டரின் காயிலை இயக்க மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். அந்த இணைப்பையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் கொடுக்க வேண்டும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்பை எக்காரணம் கொண்டும் கழற்றக் கூடாது.

இத்தனை வேலைக்கு நேரம் இல்லாதவர்களுக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரம் காட்டும் கருவி இருக்கிறது. ஊன்றியதும் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என விளக்கு எரியும். நீலமும் பச்சையும் என்றால் போதிய ஈரம். ஆரஞ்சு என்றால் தண்ணீர் விடலாம். சிவப்பு என்றால் உடனே மோட்டார் போட வேண்டும்.