அக்காவுக்காக ஒரு மேஜை... அதற்குள் ஒளிந்திருக்கும் பெயர்!

கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டால் அம்மாவிடம் திட்டு வாங்காத வீடு உண்டா? ‘படுக்கையெல்லாம் சிந்துது, எறும்பு வரும்’ என்பார்கள். அயர்லாந்தில் பிறந்த ஐலீன் கிரேவின் அக்காவுக்கும் கட்டிலிலேயே காலை டிபன் சாப்பிடுவதுதான் பிடிக்குமாம். தங்கை திட்டவில்லை. 1927-ல் அதற்கென்றே ஒரு மேஜை வடிவமைத்துவிட்டார் என்று சொல்கிறார்கள்.

பார்க்க ரொம்ப எளிமையான மேஜை. பளபளக்கும் ஸ்டீல் குழாய், அதன்மேல் வட்டமான கண்ணாடி. தாங்கும் தண்டு நடுவில் இல்லை, ஒரு ஓரமாக நிற்கிறது. அதனால் அடிப்பாகம் கட்டிலுக்குக் கீழே போய்விடும். கண்ணாடி நம் மடிக்கு மேலே வந்துவிடும். தண்டில் வரிசையாகத் துளைகள். சின்னச் சங்கிலியில் தொங்கும் பின்னை எடுத்து வேண்டிய துளையில் செருகினால், சுமார் 64 செ.மீ முதல் 102 செ.மீ வரை உயரத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மேஜை என்றால் பூவேலை, நகாசு, கடைசல் கால் என்று பழகிய காலம் அது. ஐலீனும் அலங்காரம் தெரியாதவர் இல்லை. ஜப்பானியக் கலைஞர் சுகவாராவிடம் அரக்குப் பூச்சு வேலை கற்று, செல்வந்தர் வீடுகளுக்கு மினுமினுக்கும் திரைகள் செய்தவர். இந்த மேஜையில் அதெல்லாம் எதுவும் கிடையாது. அந்தச் சங்கிலியும் பின்னும்தான் நகை.

தென் பிரான்சில், மத்தியதரைக் கடலோரத்தில் தானே வடிவமைத்த வீட்டில்தான் இதை வைத்தார். வீட்டின் பெயர் இ-1027. மேஜைக்கும் அதே பெயர். கார் நம்பர் போல இருக்கிறதா? ‘இ’ என்பது ஐலீனின் ஆங்கில முதலெழுத்து. ஆங்கில வரிசையில் 10-வது எழுத்து ‘ஜே’, 2-வது ‘பி’. இரண்டும் நண்பர் ழான் படோவிச்சியின் முதலெழுத்துகள். 7-வது எழுத்து ‘ஜி’, அதாவது கிரே. அவர் பெயர் இவர் பெயரை அணைத்துக்கொண்டிருக்கிறது!

இந்த வீட்டில் ஒரு வருத்தமான கதையும் உண்டு. ஐலீன் அங்கிருந்து போய்விட்ட பிறகு, 1938-39-ல் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியர் வெள்ளைச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டினார். பிறகு நம் சண்டிகர் நகரை வடிவமைத்த அதே மேதைதான். படோவிச்சிக்குச் சம்மதம். வீட்டை வடிவமைத்த பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. ஐலீனுக்கு அது பெரிய அவமானம். எவ்வளவு பெரிய ஓவியராக இருந்தால் என்ன, அடுத்தவர் சுவர் அடுத்தவர் சுவர்தானே? பின்னாளில் அந்த வீட்டையே கொர்பூசியர் கட்டியதாகச் சிலர் நினைத்துக்கொண்டார்கள். ஐலீனின் பெயர் மெல்ல மறைந்தது.

1972-ல் பாரிஸ் ஏலம் ஒன்றில் அவர் செய்த பழைய அரக்குத் திரை பெரிய விலைக்குப் போனதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு 94 வயது. அடுத்த வருடமே லண்டன் வியாபாரி ஸீவ் ஆரம் அவரைத் தேடி வந்தார். அவர் மூலம் இந்த மேஜை மறுபடி தயாரிப்புக்கு வந்தது. 1976-ல், 98 வயதில் ஐலீன் காலமானார்.

இன்று இணையக் கடைகளில் இதன் நகல்கள் ஏராளம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலும் இந்த மேஜை இருக்கிறது. அங்கே மட்டும் இதன்மேல் காபி டம்ளர் வைக்க விடமாட்டார்கள்.