உங்களுக்குத் தெரியுமா? ஆண்டாள் முதல் இரும்புக்கை மாயாவி வரை

யாருக்கு எந்த வகைப் புத்தகம் பிடிக்கும், ஏன் பிடிக்கும்? ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் சுற்றி வந்தாலே இந்தக் கேள்விக்கு நிறைய விடை கிடைக்கிறது. காதல், துப்பறிதல், சித்தர் மர்மம், காமிக்ஸ், கரிசல் கதை என்று தமிழ் வாசகர் விரும்பும் பல வகைகளுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வேர் இருக்கிறது. இதில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது என்ற வழக்கை நாம் எடுக்கப்போவதில்லை. விரும்பிப் படிப்பவருக்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதுதான் சுவை.

●

ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் தமிழ் நாவலைவிட மூத்தது!

திருநெல்வேலி கலெக்டராக இருந்த பென்னிங்டன் பெயரைத் தாங்கிய இந்த நூலகம் தொடங்கிய ஆண்டு 1875. தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879-இல். நூலகக் கதவு திறந்து நான்கு ஆண்டு கழித்துத்தான் 'நாவல்' என்ற வகையே தமிழுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் 'கதைப் புத்தகம் இருக்கிறதா?' என்று கேட்டிருந்தால் புராணமும், நல்லதங்காள் கதை, மதனகாமராஜன் கதை போன்றவையும்தான் கைக்கு வந்திருக்கும். அவற்றையும் ஒருவர் உரக்கப் படிக்க, திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்டார்கள். தனியாக, வாய்விடாமல் கதை படிப்பது நம் ஊர்களுக்குப் பிற்காலத்தில் வந்த பழக்கம்.

●

குடும்பக் காதல் நாவல் படிப்பவர்களை 'எல்லாம் ஒரே கதைதானே' என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஒரே கதையாக இருப்பதால்தான் பிடிக்கிறது என்று அந்த வாசகிகளே சொல்லியிருக்கிறார்கள்.

ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆய்வாளர், காதல் நாவல்களை விடாமல் படிக்கும் பெண்களிடம் பேசி 1984-இல் ஒரு நூல் வெளியிட்டார். முடிவு மகிழ்ச்சியாக இருந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் முதலில் கேட்ட விஷயம். இரண்டாவதாக அவர்கள் சொன்னதுதான் யோசிக்க வைக்கிறது. கணவர், பிள்ளைகள், சமையல் என்று நாள் முழுவதும் பிறருக்கே போகிறது. புத்தகத்தைக் கையில் எடுத்தால் அந்த ஒரு மணி நேரம் தங்களுக்கு என்று வீட்டார் ஒதுங்கிப் போகிறார்கள். கதை எவ்வளவு முக்கியமோ, அந்த ஒரு மணி நேரமும் அவ்வளவு முக்கியம்.

நம்மிடம் ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தேடித் தேடிப் படிப்பவர்களிடம் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. காதலில் உறுதியாக நிற்கும் பெண் கடைசியில் விரும்பியவனையே அடைகிறாள் என்ற கதை இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள் கொண்டது. அதில் வரும் 'வாரணமாயிரம்' ஒரு பெண் தான் கண்ட கல்யாணக் கனவைத் தோழியிடம் சொல்வது. இன்றும் வைணவக் கல்யாணங்களில் அதைப் பாடுகிறார்கள்.

●

குழந்தையைப் பாடும் இலக்கியத்துக்கும் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூரே. பிள்ளைத்தமிழ் ஒரு தனி இலக்கிய வகையாக வளர்வதற்கு முன்னரே, கண்ணனைக் குழந்தையாக்கித் தாலாட்டியும் நிலவை அழைத்தும் பாடியவர் பெரியாழ்வார். பிள்ளைத்தமிழின் முன்னோடி என்று அறிஞர்கள் அவரைச் சொல்கிறார்கள்.

●

முடிவு தெரிந்துவிட்டால் கதையின் சுவை போய்விடுமா?

கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுகதையின் முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். துப்பறியும் கதையில்கூட, முடிவு தெரிந்தவர்களே பெரும்பாலும் கூடுதலாக ரசித்தார்கள். பிறகு வந்த வேறு சில ஆய்வுகள் இதற்கு மாறான முடிவையும் காட்டின. அதனால் இது இன்னும் தீராத விவாதம். ஆனால் நம் பக்கத்து வாசகர்களுக்கு அந்த 2011 முடிவு வியப்பைத் தராது. ஆண்டாள் அரங்கனைச் சேர்ந்தாள் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இன்னொரு சாட்சி. 'கல்கி' இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்தெடுத்து, மணியம் வரைந்த படங்களோடு சேர்த்து பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். மறுபடி படிக்கத்தானே அந்தப் பாடு! ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி முழுதாக அவிழ்க்காமலே விட்டார். எழுபது ஆண்டாகியும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

●

ஆண்டாள் கதையைத் தெலுங்குக் காவியமாகப் பாடியவர் ஒரு பேரரசர். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'ஆமுக்த மால்யதா'வின் களம் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வாரும் அதில் பெரிய பாத்திரம். தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் அது ஒன்று.

அதைத் தமிழுக்குத் திரும்பக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரர். பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா. இந்த மொழிபெயர்ப்புக்காக 1989-இன் சாகித்ய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிராகிருத மொழியில் சாதவாகன மன்னன் ஹாலன் தொகுத்த காதல் பாடல்களான 'காதா சப்தசதி'யையும் அவர் தமிழாக்கினார். நம் அகநானூறு, குறுந்தொகைக் காதலர்களின் சாயல் அந்த எழுநூறு பாடல்களில் தெரிவதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். சங்கப் பாடல் பிடித்தவர்கள் கட்டாயம் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது. ராஜபாளையமே இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய பெயர் ஜகந்நாத ராஜா.

●

தமிழ் காமிக்ஸின் தலைநகரம் சென்னை இல்லை, சிவகாசி!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தீப்பெட்டி லேபிளும் காலண்டரும் அச்சடித்துத் தேர்ந்த அந்த ஊரிலிருந்து சௌந்தரபாண்டியன் 1972-இல் 'முத்து காமிக்ஸ்' தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் 1962-இல் தொடங்கிய தொடர் அது. ஆய்வகத்தில் விபத்து, கை போய் இரும்புக்கை வருகிறது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் தெரியும். படம் வரைந்தவர் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர் வரைய, பிரிட்டனில் வெளிவந்து, சிவகாசியில் தமிழ் பேசிய கதாநாயகன்!

பிறகு ஜானி நீரோ, லாரன்ஸ் – டேவிட், ரிப் கிர்பி எல்லாரும் வந்தார்கள். 1984-இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன் 'லயன் காமிக்ஸ்' ஆரம்பித்தார். அதன் முதல் இதழின் நாயகி ஒரு பெண், மாடஸ்டி பிளைஸி. இன்று லயனின் பெரிய நட்சத்திரம் டெக்ஸ் வில்லர். இத்தாலியில் 1948-இல் பிறந்த குதிரைவீரன். காமிக்ஸ் வாங்குபவர்கள் சிறுவர்கள் என்று நினைத்தால் தப்பு. அன்று உண்டியல் காசில் வாங்கிப் படித்த பிள்ளைகள் ஐம்பது வயதைத் தொட்ட பின்னும் சந்தா கட்டுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பிடிக்கிறது? படம் பாதி சொல்கிறது, எழுத்து பாதி சொல்கிறது. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் நடப்பதைப் படிப்பவரே மனதில் ஓட்டிக்கொள்ள வேண்டும். குத்து விழுந்ததையும் குதிரை பாய்ந்ததையும் வாசகர்தான் நடத்தி வைக்கிறார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. 'பாடப் புத்தகத்தை எடு' என்று அதைப் பிடுங்காதீர்கள்.

●

பஸ் ஸ்டாண்டு கடைகளில் தொங்கிய பாக்கெட் நாவலுக்கு அளவாய்ப் பொருந்தியது நம் பஸ் பயணம். ராஜபாளையத்தில் ஏறி முதல் பக்கத்தைத் திறந்தால், மதுரை வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டிருப்பான். ராஜேஷ்குமார் 1500-க்கும் மேல் நாவல் எழுதியவர். அவருடைய விவேக் – ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜயந்தி, சுஜாதாவின் கணேஷ் – வஸந்த் என்று ஜோடி ஜோடியாகத் துப்பறிவாளர்களைத் தமிழர்கள் வளர்த்தார்கள். அவர்களுக்கு முன்பே தேநீரும் கையுமாக வந்தவர் தமிழ்வாணனின் சங்கர்லால்.

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் துப்பறியும் கதைக்குத் தீவிர அடிமை. 1948-இல் அதற்குக் காரணம் தேடி ஒரு கட்டுரையே எழுதினார். குற்றத்தால் கெட்டுப்போன ஓர் இடம், குற்றவாளி வெளிப்பட்டதும் மறுபடி மாசற்றதாகிறது, அந்த நிம்மதிக்காகத்தான் படிக்கிறோம் என்பது அவர் கண்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் ஊரில், நூறு பக்கத்தில் நியாயம் கிடைப்பது சின்ன விஷயமா?

●

சித்தர் மர்மக் கதைகளுக்கு நிஜ மலை ஒன்று இங்கே நிற்கிறது. வத்திராயிருப்புப் பக்கத்துச் சதுரகிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சுந்தர மகாலிங்கத்தைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகக் காடு அது. மதுரையில் வாழ்ந்த இந்திரா சௌந்தர்ராஜன் இப்படிப்பட்ட மலை, சித்தர், குலதெய்வம் ஆகியவற்றைத் துப்பறியும் கதையோடு பின்னி ஒரு தனி வகையையே உண்டாக்கினார். சின்னத்திரையில் 'மர்மதேசம்' பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2024 நவம்பரில் அவர் மறைந்தார். லண்டன் பேய் மாளிகையில் நடக்கும் கதையை மூடினால் பயம் அங்கேயே நின்றுவிடும். நம் மலையில் நடக்கும் கதையோ அடுத்த அமாவாசைக்கு ஏறும்போது கூடவே வரும். இந்த வகையின் ஈர்ப்பே அதுதான்.

பயத்தை விரும்புவதில் பயனும் உண்டாம். கொரோனாவின் தொடக்க மாதங்களில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, பேய்ப் படம் விரும்பிப் பார்ப்பவர்கள் அந்த நெருக்கடியில் மனம் தளர்ந்தது குறைவு என்று காட்டியது.

●

முதல்வராக இருந்தவரின் வீடு நூலகமானது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ். குமாரசாமி ராஜா, ராஜபாளையத்தில் தன் வீட்டையே கொடுத்து உருவாக்கியது காந்தி கலை மன்றம்.

அரசு நூலகத்துக்கோ நாமே காசு கொடுக்கிறோம். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அது. ஆகவே நூலகரிடம் போய் 'இந்த வகைப் புத்தகம் இன்னும் வாங்குங்கள்' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

●

கடைசியாக, என் நெஞ்சுக்கு மிக நெருக்கமான வகை. கரிசல் எழுத்து.

சாகித்ய அகாதெமி விருது 2018-இல் எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாவலுக்கு. 2019-இல் சோ. தர்மனின் 'சூல்' நாவலுக்கு. அடுத்தடுத்த இரண்டு ஆண்டும் கரிசல் மண்ணுக்கே! ஒன்று நாதஸ்வரக் கலைஞர்களின் கதை, மற்றது ஒரு கண்மாயின் கதை. ராமகிருஷ்ணன் பிறந்த மல்லாங்கிணறு இதே விருதுநகர் மாவட்டம். 2007-இல் 'மின்சாரப்பூ' தொகுப்புக்காக அதே விருதைப் பெற்ற மேலாண்மை பொன்னுச்சாமியும் இதே மாவட்டத்துக்காரர். மேலாண்மறைநாட்டில் கடை நடத்திக்கொண்டே எழுதியவர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர் இடைசெவல் கி. ராஜநாராயணன். அவருக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-இல் அந்த விருது.

அதற்கு முந்தைய நாவலான 'கோபல்ல கிராமம்' தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசலில் காடு திருத்திக் குடியேறியவர்களைச் சொல்வது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து வளர்ந்த ராஜபாளையத்து வாசகர் அதைப் படிக்கும்போது பாட்டி சொன்ன கதை அச்சில் வந்திருப்பதைக் காண்கிறார். தன் ஊர்ப் பேச்சு, தன் வீட்டுப் பலகாரம், தன் காட்டு வெயில் ஒரு புத்தகத்துக்குள் இருப்பதைப் பார்க்கும் சந்தோஷத்தை வேறெந்த வகையும் தராது. கி.ரா. அந்தப் பேச்சு அழிந்துபோகக் கூடாது என்று கரிசல் வட்டார வழக்குக்குத் தனி அகராதியே தொகுத்தார்.

2019-இல் 'அசுரன்' படம் வந்த பிறகு பலரும் பூமணியின் 'வெக்கை'யைத் தேடினார்கள். 1982-இல் வந்த நாவல் அது. கொலை செய்துவிட்டு ஓடும் சிறுவனும் அவன் அப்பாவும் காட்டுக்குள் மறைந்து திரியும் சில நாட்கள்தான் கதை. படம் பார்த்துவிட்டேன், இனி எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். நாவலின் வேகம் வேறு, அமைதியும் வேறு. அதே பூமணிக்கு 2014-இல் சாகித்ய அகாதெமி வாங்கிக்கொடுத்த 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். 1899-இன் சிவகாசிக் கலவரம்வரை இந்த வட்டாரத்து வரலாறு அதில் வருகிறது. 'வெக்கை'யை ஒரு ராத்திரியில் முடித்துவிடலாம். 'அஞ்ஞாடி'க்குக் கோடை விடுமுறை முழுவதும் வேண்டும்.