பனிக்குப் பயப்படாத ரோஜா

ஒரு கொத்தமல்லித் தழையை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் எடுத்து மேசைமேல் வையுங்கள். சிறிது நேரத்தில் அது துவண்டு, கறுத்து, வேகவைத்த கீரைபோல ஆகிவிடும். இலையில் இருக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தண்ணீர்ப் பை. உள்ளே இருக்கும் நீர் உறைந்தால், பனிப் படிகங்கள் அந்தப் பையின் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். பிறகு அந்த இலைக்கு உயிர் கிடையாது.

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் குளிர்காலத்தில் சில நாள் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்குக்கூடப் போகும். அங்கே ரோஜா வளர்க்க ஆசைப்பட்டவர்கள், இலையுதிர் காலத்தில் செடியை மண்ணாலும் வைக்கோலாலும் போர்த்தி மூடுவார்கள். அப்படியும் பல செடிகள் செத்துப்போகும்.

வியன்னாவில் பிறந்த ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா என்ற பெண் விஞ்ஞானி, அதே நாட்டின் ஒட்டாவா நகரில் இருந்த அரசு வேளாண் பண்ணையில் 1961-ல் புதிய ரோஜாக்களை உருவாக்கும் வேலையைக் கையில் எடுத்தார். போர்த்தாமலே பிழைக்கிற ரோஜா வேண்டும் என்பதுதான் அவர் குறி.

குளிர் தாங்கும் ரோஜா ஒன்று ஏற்கெனவே இருந்தது. ஜப்பான், கொரியக் கடலோரங்களில் காடாக வளரும் ருகோசா ரோஜா. பகல் நேரம் குறைந்து வரும்போது அது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, செல்களில் சர்க்கரையைச் சேர்க்கும். உறைகிற நீர் செல்லுக்கு வெளியே உள்ள இடைவெளியில்தான் உறையும். உள்ளே இருக்கும் சாறு பாகுபோலக் கெட்டியாகி, உறையாமல் தப்பிக்கும்.

சரி, ருகோசாவையும் தோட்டத்து ரோஜாவையும் கலந்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் சிக்கல். ருகோசாவின் செல்லில், குணங்களைப் பிள்ளைக்குக் கொண்டுபோகும் குரோமோசோம்கள் 14. தோட்டத்து ரோஜாக்களில் பெரும்பாலானவற்றுக்கு 28. இரண்டும் பாதிப் பாதி கொடுத்தால் பிள்ளைக்கு 7-ம் 14-ம் சேர்ந்து 21. குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்துதான் பிரிய வேண்டும். 21-ஐ எப்படி ஜோடி போடுவது? அதனால் அந்தப் பிள்ளைச் செடி பெரும்பாலும் விதை வைக்காது. வம்சம் அத்தோடு நின்றுவிடும்.

இந்தப் பூட்டுக்குச் சாவி ஜெர்மனியில் கிடைத்தது. வில்ஹெல்ம் கோர்டஸ் என்ற ரோஜா வளர்ப்பாளரின் தோட்டத்தில், ருகோசா வழி வந்த ஒரு செடியின் நாற்றில் குரோமோசோம் எண்ணிக்கை தானாகவே இரட்டித்து 28 ஆகியிருந்தது! கோர்டேசி ரோஜா என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். இது தோட்டத்து ரோஜாக்களோடு ஒத்துப்போயிற்று. ஸ்வெய்டா இதைத் தன் கலப்புகளில் நிறையப் பயன்படுத்தினார்.

கலப்பு செய்வது பொறுமையான கைவேலை. தாய்ப் பூ விரியுமுன்பே இதழ்களையும் மகரந்தப் பைகளையும் கிள்ளி எடுத்துவிட வேண்டும். தந்தைப் பூவின் மகரந்தத்தைத் தொட்டு வைத்து, வேறு மகரந்தம் வந்து ஒட்டாதபடி உறையால் மூட வேண்டும். காய் பழுத்ததும் விதைகளை ஈரமாகக் குளிரில் சில மாதம் வைத்தால்தான் முளைக்கும். நாற்றுகளைத் திறந்த வயலில் நட்டுவிட்டு, போர்வை எதுவும் போடாமல் விடுவார்கள். எது தகுதியானது என்பதைக் குளிர்காலமே சொல்லிவிடும். பிழைத்தவற்றிலும் அழகாக, பலமுறை பூப்பவை, நோய் தாங்குபவை மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கிறது. செல்லம் கொடுக்காமல் விட்டதால்தான் உறுதியானவை எவை என்று தெரிந்தது.

இன்னொன்று: நம் நர்சரிகளில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் காட்டு ரோஜாவின் வேர்மேல் ஒட்டிய ஒட்டுச்செடி. மேல்பாகம் பட்டுப்போனால் அடியிலிருந்து துளிர்ப்பது காட்டு ரோஜாதான். ஸ்வெய்டாவின் ரோஜாக்களையோ குச்சியை நட்டே வளர்க்கலாம். கிளைகள் கருகினாலும் வேரிலிருந்து அதே ரோஜா திரும்ப வரும்.

1968-ல் முதல் ரோஜா வெளிவந்தது. வடக்குக் கடலில் பாதை தேடிப் போன மாலுமி மார்ட்டின் ஃப்ரோபிஷரின் பெயர் அதற்கு. பின்னால் வந்தவற்றுக்கும் ஹென்றி ஹட்சன், ஜான் கேபட் என்று தேடல் பயணம் போனவர்களின் பெயர்களே. 1983-ல் வந்த வில்லியம் பாஃபின், ஆள் உயரம் தாண்டிக் கொடியாக ஏறி இளஞ்சிவப்பாகப் பூக்கும்; புல்வெளி மாகாணங்களின் குளிரையும் தாங்கும்.

உங்கள் வீட்டில் ரோஜா இருந்தால், ஒரு பூவைப் பறிக்காமல் செடியிலேயே விடுங்கள். எல்லா ரோஜாவும் காய்க்காது. காய்த்தால், அது பழுக்கும்வரை காத்திருந்து, பிளந்து, உள்ளே எத்தனை விதை என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.