நான்கு நாடுகள் கூடிக் கட்டிய விமானம்

ஒரே பொருளைப் பல ஊர்களில் இருப்பவர்கள் கூடிச் செய்வது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. ஓர் ஊரில் வரைபடம் எழுதுவார்கள். மற்றோர் ஊரில் உறுப்புகளைச் செய்வார்கள். வேறோர் ஊரில் அவற்றைப் பூட்டுவார்கள். இவர்களிடையே தொலைபேசி உண்டு. கடிதங்களும் கணப்பொழுதில் போய்ச் சேருகின்றன. அப்படியிருக்கப் பிழை நேருவது எங்ஙனம் என்று மாணவர்கள் கேட்கலாம். ஏர்பஸ் நிறுவனம் கட்டிய ஏ380 விமானத்தின் வரலாற்றைக் கொண்டே இதை விளக்க விரும்புகிறேன்.

பயணிகள் இரண்டு அடுக்குகளில் அமரும் பெரிய விமானம் அது. இறக்கைகள் பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸில் உருவாயின. வாலின் பகுதிகள் ஸ்பெயினில். உடலின் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் பெரும்பங்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில். எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டும் இடம் பிரான்சில் உள்ள தூலூஸ். 2005 ஏப்ரல் 27 அன்று அது முதன்முதலாகப் பறந்தபோது ஐரோப்பா பெருமிதம் கொண்டது. அந்தப் பெருமிதம் நியாயமானதே.

இடர் விளைந்தது மின்கம்பிகளில். ஒரு விமானத்தினுள் ஏறத்தாழ 530 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி ஓடுகிறது. ஹாம்பர்க்கில் கட்டுக்கட்டாகக் கம்பி பொருத்தி அனுப்பிய பகுதிகளைத் தூலூஸில் இணைக்க முற்பட்டபோது, பல கம்பிகள் இணைய வேண்டிய இடத்தை எட்டவில்லை. காரணம் என்ன? இரு நகரத்தாரும் காட்டியா என்னும் ஒரே கணிப்பொறி நிரலைக் கொண்டுதான் வரைந்தார்கள். ஆனால் ஹாம்பர்க்கில் இருந்தது அதன் நான்காம் பதிப்பு. தூலூஸில் ஐந்தாம் பதிப்பு. ஐந்தாவது, நான்காவதன் திருத்தம் அன்று. பெரிதும் புதிதாக எழுதப்பட்டது. ஒன்றில் வரைந்ததை மற்றொன்றுக்கு மாற்றும்போது விவரங்கள் சிதைந்தன. போதாக்குறைக்கு, விமான நிறுவனம் ஒவ்வொன்றும் உள்ளமைப்பை வெவ்வேறாகக் கேட்டது. வரைபடம் மாறிக்கொண்டே இருந்தது. அலுமினியக் கம்பியும் கலந்திருந்தது. அதைச் செம்புக் கம்பிபோல் வளைத்துவிட இயலாது.

பெயர் ஒன்றாயிருந்தமையே இங்கு ஏமாற்றியது என்பது என் கருத்து. இருவேறு நிரல்களாக இருந்திருப்பின் யாரேனும் ஐயுற்றிருப்பார்கள். வகுப்பறையில் "புரிந்ததா?" என்று கேட்டால் நாற்பது பிள்ளைகளும் "புரிந்தது ஐயா" என்பார்கள். அந்த விடையை ஆசிரியர் எவரும் நம்பலாகாது. ஒருவனை எழுப்பி, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லச் செய்தால்தான் உண்மை வெளிப்படும். ஒரே கூடத்தில் இருப்போர்க்கு இது எளிது. அடுத்த மேசையில் விரிந்துள்ள படத்தை எட்டிப் பார்த்தால் போதும். எல்லை கடந்து இருப்போர்க்கு அந்த எட்டிப் பார்த்தல் இல்லை. ஆகவே அதை ஒரு வேலையாகவே வகுத்து, நாள் குறித்துச் செய்ய வேண்டும்.

செய்தி மேலிடம் சேர்ந்து, 2006 ஜூன் மாதத்தில் தாமதம் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. மறுநாளே தாய் நிறுவனத்தின் பங்கு விலை கால் பங்குக்கு மேல் சரிந்தது. பின்னர் எல்லா இடங்களுக்கும் ஒரே பதிப்பை வழங்க முடிவாயிற்று. அதற்கு நாளாகும் அல்லவா? அதுவரை ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கானோர் தூலூஸுக்கே வந்து, பிரெஞ்சுக்காரர்களோடு ஒரே கூடத்தில் நின்று, கம்பிகளைக் கையாலேயே மாற்றிப் பொருத்தினார்கள். முதல் விமானம் 2007 அக்டோபர் 15 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது.