வெண்மயக்கம்

பனி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுது வகுத்த முன்னோரும் இதனையே கருதினர். நிலத்தை மூடும் வெண்பனி நம் ஐந்திணைக்கு அப்பாற்பட்டது. எனவே, அதன்மீது சிறு விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இறங்குகையில் விமானிக்கு நேரும் ஒருவகைக் காட்சிப் பிழைக்கு நம்மிடம் பழஞ்சொல் இல்லை. ‘வெண்மயக்கம்’ என இங்கு வழங்குவோம்.

மூடுபனியில் கண் தெரியாது; தெரியவில்லை என்பதை விமானி அறிவார். வெண்மயக்கமோ அத்தகையதன்று. காற்று தெளிந்திருக்கும், தொலைவிலுள்ள கரும்பாறையும் தெரியக்கூடும். ஆயினும், கவிந்த மேகத்தினூடே வரும் ஒளி பனிப்பரப்பில் பட்டு மேகத்திற்கே மீள்வதால் எத்திசையிலும் நிழல் விழுவதில்லை. நிழல் இன்றேல் மேடுபள்ளம் புலப்படாது, தொடுவானமும் மறையும். விருத்தாசலத்தவர்க்கு இதனை விளக்குதல் எளிது. மெருகேற்றிய வெள்ளைப் பீங்கான் தட்டின் குழிவைக் கண் அறிவது பக்கவாட்டு ஒளி காட்டும் நிழற்கோட்டினால் அன்றோ? அக்கோடு இல்லாத தட்டின்மீது இறங்குபவர், இன்னும் நூறடி இருப்பதாக எண்ணும்பொழுதே தரையில் மோதுகிறார்.

1999 செப்டம்பர் 10 அன்று அலாஸ்காவில், ஜூனோ நகரை அடுத்த பனியாற்றுப் பரப்பில் ஒரு ஹெலிகாப்டர் இவ்வாறு விழுந்தது. அதனைத் தேடிச் சென்ற இரண்டாவதும் விழுந்தது; அடுத்துச் சென்ற மூன்றாவதும் விழுந்தது. முன்னவர் விழுந்ததை அறிந்து சென்றவரையும் கண் ஏமாற்றியது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

பெரிய விமானமும் இதற்கு விலக்கன்று. 1979 நவம்பர் 28 அன்று அண்டார்க்டிகாவின் எரிபஸ் மலையில் ஏர் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் மாண்டனர். முதல் அறிக்கை விமானிகளையே குறை கூறியது. 1981இல் நீதிபதி பீட்டர் மேஹனின் விசாரணை ஆணையமோ, விமானிகளுக்கு அறிவிக்காமலே பயணப்பாதையின் ஆயக்குறிகள் மாற்றப்பட்டிருந்தமையே முதன்மைக் காரணம் எனக் கண்டது. எதிரே நின்ற மலைச்சரிவு அவர்களுக்குச் சமநிலமாகவே தோன்றியிருந்தது. இறந்தவர் வாய் திறவார். எனவே அவர்மேல் பழி சுமத்துதல் எளிதாகிவிடுகிறது.

அதே கண்டத்தில்தான் 1982 ஜனவரி 9 அன்று டாக்டர் எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதல் இந்தியக் குழு கால் பதித்தது. அப்பணியில் ஹெலிகாப்டர்களும் துணைநின்றன என்பதை நினைக்கையில், அவ்விமானிகளின் பொறுப்பு விளங்கும்.

தரைக்கும் ஊர்திக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் வானொலி உயரமானி இன்று உண்டு. ஒளி மங்கினால் இறங்காது திரும்புதலும் விதியே. பழகிய விமானிகள் மற்றொன்றும் செய்வர்: இறங்கும் இடத்தில் மரக்கிளைகளையோ கரிய பைகளையோ மேலிருந்து முதலில் வீசுவர். வெண்மையின் நடுவே ஒரு கரும்புள்ளி விழுந்ததும், தரை எங்குள்ளது எனக் கண் கண்டுகொள்கிறது.