பால் 'மெல்க்', மோர் 'கார்னெமெல்க்'... நெதர்லாந்து போகும் பிள்ளைக்கு ஒரு குட்டி அகராதி!

கள்ளக்குறிச்சியிலிருந்து படிக்கவோ, வேலைக்கோ நெதர்லாந்து போகிற பிள்ளைகள் முதல் நாளே திணறும் இடம் சூப்பர் மார்க்கெட். பேச்சுக்கு ஆங்கிலம் போதும். பாக்கெட்டில் இருப்பதோ பெரும்பாலும் டச்சு!

'மெல்க்' என்றால் பால். பக்கத்திலேயே இருக்கும் 'கார்னெமெல்க்' மோர்; காபியில் ஊற்றினால் திரிந்துவிடும். 'ரெய்ஸ்ட்' அரிசி, 'ஸவுட்' உப்பு. உருளைக்கிழங்கு 'ஆர்ட்அப்பெல்', அதாவது மண் ஆப்பிள். நம் கல்வராயன் மலையில் விளையும் மரவள்ளி அங்கே 'கசாவெ'. மலைத்தேன் 'ஹோனிங்'.

சைவக்காரர்கள் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியவை: 'ஃப்லேஸ்' இறைச்சி, 'கிப்' கோழி, 'ஃபிஸ்' மீன், 'எய்' முட்டை.

மல்லாட்டை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு 'பிண்டா' உயிர் காக்கும் சொல். 'காஸ்' என்றால் சீஸ். ஆனால், 'பிண்டாகாஸ்' சீஸ் அல்ல, பீநட் பட்டர். ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. அதனால் தடித்த எழுத்துகளை முதலில் பாருங்கள்.

டச்சு நமக்குப் புதிதல்ல. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை அவர்கள் வசம்தான் இருந்தது. அவர்கள் ஆண்ட இலங்கையில், தமிழர்கள் பீன்ஸை இன்றும் 'போஞ்சி' என்கிறார்கள். அது டச்சு 'போன்ட்யெ'விலிருந்து வந்த சொல். நம் இஞ்சியோ பாலி, கிரேக்கம், லத்தீன் எனப் பல மொழிகளைத் தாண்டி அங்கே 'ஹெம்பர்' ஆகியிருக்கிறது.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே சமையலறை டப்பாக்களில் டச்சுப் பெயர்களை ஒட்டிவிடுங்கள். பிள்ளையோடு அம்மாவும் பாட்டியும் கற்றுக்கொள்ளலாம். பிறகு வீடியோ காலில் பாக்கெட்டைக் காட்டினால், இங்கிருந்தே படித்துச் சொல்லலாமே!