ஒரு மடிக்கணினியில் இரண்டு இயங்குதளம்: வன்தட்டைப் பிரிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. டிபிஎம் 2.0 வசதி இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. ஈப்போவிலும் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் அண்ணனின் மடிக்கணினியில்தான் தம்பி, தங்கையும் எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்கிறார்கள். புதிது வாங்க வசதியில்லாத வீடுகளுக்கு ஒரு வழி உண்டு. பழைய மென்பொருள்களுக்கு விண்டோஸை வைத்துக்கொண்டு, இணைய வேலைகளுக்கு இலவசமான லினக்ஸ் மிண்ட்டை அதே கணினியில் சேர்க்கலாம்.

அதற்கு வன்தட்டைப் பிரிக்க வேண்டும். தோட்டத் துண்டாடலைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும்: நிலத்தைப் பிரிக்கும்போது அடிபடுவது ஏற்கெனவே குடியிருப்பவர்கள்தான். வன்தட்டில் குடியிருப்பவை குடும்பப் படங்களும் பிறப்புப் பத்திர நகல்களும் பிள்ளைகளின் பாட வேலைகளும். ஆகவே முதல் வேலை, அவற்றை வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ நகலெடுத்து, திறந்து பார்த்து உறுதி செய்வது.

அடுத்து, பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் விண்டோஸ் முழுமையாக மூடப்படாது; லினக்ஸிலிருந்து அதன் கோப்புகளில் எழுத முடியாமல் போகலாம்.

பிறகு விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் சி பகுதியைச் சுருக்குங்கள். மிண்ட்டுக்குக் குறைந்தது 20 ஜிபி வேண்டும். 100 ஜிபி இருந்தால் தாராளம். கிடைத்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். பென்டிரைவிலிருந்து மிண்ட்டை நிறுவும்போது அது அந்த இடத்தில் அமரும்.

நிறுவும்போது, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் வழியையே தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே உள்ள 'இரேஸ் டிஸ்க்' வழியைத் தொட்டு உறுதி செய்தால் வட்டு முழுதும் அழிந்துவிடும். வரிசையும் முக்கியம்: விண்டோஸ் முதலில், லினக்ஸ் பின்னர். மாற்றிச் செய்தால், கணினி தொடங்கும்போது லினக்ஸைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தோன்றாமல் போகக்கூடும்.

இரண்டுக்கும் பொதுவாக என்டிஎஃப்எஸ் வடிவில் மூன்றாவது பகுதி ஒன்றை வைத்தால், பாடக் கோப்புகளை எதிலிருந்தும் திறக்கலாம். ஆனால் பகுதி வேறு, நகல் வேறு. வன்தட்டு பழுதானால் எல்லாப் பகுதிகளும் சேர்ந்தே போகும். வெளியே எடுத்து வைத்த நகல் மட்டுமே மிஞ்சும்.